கருவிழி இல்லாத கண்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களுக்கு அவர்களுடைய கதாபாத்திரத்தை வாட்டர்கலரில் வரைந்து கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பாதி. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி ஆடும் மேசை விளையாட்டு அது. பகடை, காகிதம், பென்சில், மிச்சமெல்லாம் பேச்சு. ஆளின் உருவம் ஆடுகிறவர் மனசில் மட்டும்தான் இருக்கும். அதைத்தான் தாளில் கேட்கிறார்கள்.

ஆர்டரோடு பலரும் பக்கம் பக்கமாகப் பூர்வகதை அனுப்புவார்கள். அநாதைக் குழந்தை, எரிந்துபோன ஊர், பழிவாங்கும் சபதம். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முகம் வரைய அதில் பிடி கிடைக்காது. நான் கேட்டு வாங்குவது கேரக்டர் ஷீட்டை. வலிமை, சுறுசுறுப்பு, உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம் என ஆறுக்கும் அதில் எண் இருக்கும். 10 என்றால் சராசரி மனிதர். வலிமை 8, வசீகரம் 18 என்று பார்த்தால் போதும், என் பென்சிலில் தோள் தானாக இறங்கி மோவாய் நிமிர்ந்துவிடும். சண்டை வராது, வாயால் பிழைக்கிறவள். (வசீகரம் 18 என்றால் பேரழகி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.) அப்புறம் ஒரு கேள்வி கேட்பேன். போன ஆட்டத்தில் உங்கள் ஆள் எங்கே சொதப்பினார்? பூர்வகதையில் கிடைக்காத முகம் அந்தப் பதிலில் கிடைத்துவிடும்.

அதிகம் கேட்கப்படுவது டீஃப்லிங். நரகத்து ரத்தம் கலந்த, கொம்பும் வாலும் உள்ள இனம். கொம்பு சுலபம், கண்தான் சோதனை. 2014 விதிப்புத்தகப்படி வெள்ளை விழியும் கிடையாது, கருவிழியும் கிடையாது. கண் முழுக்க ஒரே நிறம், கறுப்போ சிவப்போ பொன்னோ. அப்படியானால் அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள்? அதை இமைதான் சொல்ல வேண்டும். மேலிமையின் வளைவு எங்கே உச்சிக்குப் போகிறதோ அந்தப் பக்கம் பார்வை போகும். ஒளி மின்னும் இடத்தில், வண்ணம் ஒட்டாமல் தாளைக் காக்கும் மாஸ்கிங் திரவத்தை ஊசிமுனையளவு வைத்துக் காயவிட்டு, பொன்மஞ்சள் பூசி, ஈரம் போவதற்குள் மேல் விளிம்பில் பழுப்பை இறக்கினால் இமையின் நிழல் விழுந்து கண் உருண்டுவிடும். நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங்கை விரலால் தேய்த்து எடுக்கலாம். அடியில் வெள்ளைத் தாள் பளிச்சென்று தெரியும், அவள் பார்ப்பாள்.

சிலருக்கு அதே படம், இந்த ஆட்டத்தை வைத்தே 1998-இல் வந்த பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டுக்கும் வேண்டும். அதில் சொந்தப் படத்தை வைத்துக்கொள்ள வழி உண்டு. பெரியது 110-க்கு 170 பிக்சல், சின்னது 38-க்கு 60. அந்த 38-இல் கண் வித்தையெல்லாம் காணாமல் போய்விடும், கொம்பின் வெளிக்கோடும் புருவமும்தான் தேறும். அதனால் இந்த ஆர்டர்களுக்கு வண்ணத்தைத் தொடும் முன்பே பென்சில் படத்தை ஸ்கேன் செய்து அந்த அளவுக்குக் குறுக்கிப் பார்த்துவிடுவேன். ஆள் அடையாளம் தெரியவில்லையா, கொம்பின் வளைவை மாற்றுவேன், பின்னணியை வெளிறவிடுவேன். கவசத்தில் ஒவ்வொரு கொக்கியும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அந்தக் குட்டிப் படத்தையே அனுப்பிவிடுவது வழக்கம். பெரும்பாலும் பேச்சு அதோடு முடியும். முடியாவிட்டாலும் சரி, பெரிய படத்தில் கொக்கி போட்டுத் தருகிறேன், அதற்குக் கூலி தனி.