முயலகன் உயரத்திலிருந்து

சுற்றுலா போய் வந்த மறுநாள், “மியூசியம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், ஒன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே ராகத்தில் “நல்லா இருந்துச்சு மிஸ்” என்று சொல்லும். மிஸ் எதிர்பார்க்கிற பதில் பிள்ளைகளுக்கு அத்துப்படி. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் பல ஆண்டுகளாக அவர்களை அழைத்துப் போகிறேன். கேள்வி கேட்பதைக் குறைத்து, எங்கே போகலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அவர்களிடமே விட்ட பிறகுதான் அவர்கள் மனதில் உள்ளது வெளியே வரத் தொடங்கியது.

இதற்கு முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001இல் முன்வைத்த ‘மொசைக் அணுகுமுறை’ அது. சின்னஞ்சிறு பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள், வரைகிறார்கள், பெரியவர்களை அழைத்துப்போய்த் தங்கள் இடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நாம் கவனித்ததையும் அவற்றோடு சேர்த்து வைத்துப் பேசுகிறோம்.

நானும் அனுமதி வாங்கி ஒரு பழைய செல்போனைக் கொடுத்தேன். தரையின் பளபளப்பு, காவலரின் ஷூ, கண்ணாடியில் தெரிந்த தங்கள் முகம் என்று வந்தன படங்கள். பொருளைப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றரை அடி உயரத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் அப்படித்தான் இருக்கிறது.

வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் நடராஜரைக் காட்டி மெழுகில் உருவம் செய்து உலோகத்தில் வார்க்கும் மெழுகு வார்ப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஒரு சிறுமியின் பார்வை நடராஜரின் காலடியில் கிடந்த அரக்கன் முயலகனை விட்டு நகரவில்லை. திடீரென்று தரையில் குப்புறப் படுத்து, அவனைப் போலவே தலையை நிமிர்த்திப் பார்த்தாள். “இப்படியே இருந்தா கழுத்து வலிக்கும் மிஸ். எவ்ளோ நாளா இருக்காரு?” இன்னும் இருவர் படுத்துப் பார்த்தார்கள். சோழர் காலம் என்றால் எவ்வளவு பழையது என்பதை அந்த வலியை வைத்தே அன்று பேசினோம்.

திமிங்கல எலும்புக்கூடு எல்லோருக்கும் பிடிக்கும். அதைச் சொல்லவே வேண்டாம்.

வகுப்புக்குத் திரும்பி வரைந்தபோது ஒரு பையன் தாள் நிறைய பஸ்ஸையும் ஒரு குடிநீர்க் குழாயையும் வரைந்தான். மியூசியமோ தாளின் ஓரத்தில் ஒரு பெட்டி மட்டும். “அங்கதான் எங்க அண்ணன் எனக்குத் தண்ணி புடிச்சுக் குடுத்தான்” என்றான். பயணம், தாகம், கூட வந்தவர் எல்லாம் சேர்ந்துதான் அவனுக்கு மியூசியம்.

தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. காட்சிக்கூடம் அமைப்பவர்கள் விளக்கப் பலகையை எந்த உயரத்தில் மாட்டுவது, எங்கே பெஞ்சு போடுவது என்று முடிவெடுக்கும்போது ஆறு வயதுப் பிள்ளைகள் சிலரை உள்ளே நடக்கவிட்டுப் பின்னாலேயே போகட்டும். செலவு அதிகம் ஆகாது. எங்கள் பள்ளியில் சுற்றுலாக் கட்டுரை எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டோம். ஒரு நாளில் இரண்டு கூடங்கள் மட்டுமே பார்க்கிறோம். எந்த இரண்டு என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்கிறார்கள்.