அலமாரியில் தெரிந்த சிலுவை

அமெரிக்க அதிபர் தேர்தலில் பண்டிகை விளம்பரங்கள் வழக்கமாகப் பெரிய விஷயமாக இருப்பதில்லை. 2007 டிசம்பர் மட்டும் விதிவிலக்கு. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில், அந்த முறை அயோவா மாநிலக் காகஸ் (கட்சி ஆதரவாளர்கள் கூடி வாக்களிக்கும் கூட்டம்) ஜனவரி 3-ஆம் தேதிக்கும், நியூ ஹாம்ப்ஷையர் முதல்கட்டத் தேர்தல் 8-ஆம் தேதிக்கும் முன்கூட்டியே நகர்ந்துவிட்டன. பிரச்சாரத்தின் கடைசி இரண்டு வாரங்கள் கிறிஸ்துமஸுக்குள் போய் விழுந்தன. வீட்டில் மரம் வைத்து, உறவுக்காரர்கள் வந்திருக்கும் நேரத்தில் எதிராளியைத் திட்டி விளம்பரம் போட்டால் மக்கள் முகம் சுளிப்பார்கள். திரையை விட்டு விலகினாலோ மறந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவரும் ஒரு வாழ்த்து விளம்பரம் எடுத்தார்கள். பார்வையாளர் எதிர்வினையைத் தொகுத்து அறிக்கை எழுதும் வேலைக்கு வருகிறவர்களிடம் இந்தத் தொகுப்பைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே இருக்கின்றன.

ஹிலரி கிளின்டன் பரிசுப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருப்பார். ஒன்றில் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு, இன்னொன்றில் படைகளைத் திரும்ப அழைப்பது என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வாக்குறுதிச் சீட்டு. மழலையர் கல்வியை எங்கே வைத்தேன் என்று தேடி எடுப்பதோடு முடியும். ஒபாமா மனைவி, இரண்டு மகள்களோடு உட்கார்ந்து நன்றி சொன்னார். மகள்களில் ஒருத்தி கிறிஸ்துமஸ் வாழ்த்தும் மற்றவள் பொதுவான பண்டிகை வாழ்த்தும் சொன்னார்கள். ஜான் எட்வர்ட்ஸ் வறுமையில் வாழும் 3 கோடியே 70 லட்சம் பேரைப் பற்றிப் பேசினார். ஜான் மெக்கெய்ன், வியட்நாம் சிறையில் ஒரு காவலர் கிறிஸ்துமஸ் அன்று மண்ணில் சிலுவை வரைந்து காட்டியதைச் சொன்னார். ரூடி ஜூலியானி சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, எல்லோருக்கும் பழக் கேக் தரப்போவதாகச் சொன்னார். யாரும் விரும்பிச் சாப்பிடாத பரிசு என்று அந்த நாட்டில் காலங்காலமாகக் கேலிக்கு ஆளாகிற கேக் அது.

ஆனால் பேச்செல்லாம் மைக் ஹக்கபீயின் விளம்பரத்தைச் சுற்றித்தான் நடந்தது. ஆர்கன்சா மாநில முன்னாள் ஆளுநர், பாப்டிஸ்ட் சபைப் போதகராக இருந்தவர். சிவப்பு ஸ்வெட்டர், பக்கத்தில் மரம், பின்னணியில் மெல்லிய கிறிஸ்துமஸ் இசை. அரசியல் விளம்பரங்களைப் பார்த்துச் சலித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, இந்த நாட்களில் முக்கியமானது கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடுவதும் குடும்பத்தோடு இருப்பதும்தான் என்பார். கொள்கை ஒன்றுகூடக் கிடையாது. அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புத்தக அலமாரி. நடுச்சட்டமும் குறுக்குப் பலகையும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் விழுந்து, கேமரா மெல்ல நகரும்போது அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சிலுவை மிதந்து போவதுபோல் தெரியும்.

அது அலமாரிதான் என்று ஹக்கபீ சொன்னார். விளம்பரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் வேறு ரகசியச் செய்தியும் கேட்கும் என்று சிரித்துக் கடந்தார். சக வேட்பாளர் ரான் பால், பாசிசம் சிலுவையைச் சுமந்துகொண்டு வரும் என்ற பொருளில், நாவலாசிரியர் சின்க்ளேர் லூயிஸ் சொன்னதாகப் புழங்கும் ஒரு வாசகத்தைத் தொலைக்காட்சியில் நினைவுபடுத்தினார். கத்தோலிக்க அமைப்பான கத்தோலிக் லீகின் தலைவர் பில் டோனஹியூவும் அந்தச் சிலுவைக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். இந்த இருவருமே மதத்துக்கு எதிரானவர்கள் இல்லை. எதிர்வினைகளை வகை பிரிக்கும்போது 'மதச்சார்பு எதிர்ப்பு' என்று ஒரே பெட்டி போட்டு இருவரையும் அதற்குள் தள்ளினால் அறிக்கை அங்கேயே கெட்டுவிடும். மதத்தை விரும்பாதவர், மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதை விரும்பாத பக்தர், இந்த வேட்பாளரையே விரும்பாதவர் ஆகிய மூவருக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் மூவர் பேச்சும் ஒன்றுபோலவே இருக்கும்.

அறிக்கை அட்டவணையில் இன்னொரு நிரல், பேசியவர் விளம்பரத்தை எங்கே பார்த்தார் என்பது. 30 வினாடி விளம்பரத்தை வீட்டுத் தொலைக்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் பார்த்தவர் ஒரு வகை. செய்தி நிகழ்ச்சியில், அந்தக் காட்சியை நிறுத்திக் காட்டி, "இது சிலுவையா, இல்லையா?" என்று தொகுப்பாளர் கேட்ட பிறகு பார்த்தவர் வேறு வகை. எங்கே பார்க்க வேண்டும் என்று இரண்டாமவருக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. அவர் சொல்வது விளம்பரத்துக்கான எதிர்வினை இல்லை, விவாதத்துக்கான எதிர்வினை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கேள்விகளின் வரிசையிலும் இதே கவனம் தேவை. விளம்பரம் முடிந்ததும் முதலில் கேட்க வேண்டியது "என்ன பார்த்தீர்கள்?" என்பது மட்டும்தான். பதிலைச் சுருக்காமல், சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு "அவர் என்ன சொன்னார்?", அதற்கும் பிறகு பிடித்ததா இல்லையா. பின்னணிப் பொருளைப் பற்றிய கேள்வி கடைசி. "சிலுவை தெரிந்ததா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தானாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையை அதன்பின் எப்படியும் மீட்க முடியாது.

ஒளிபரப்புக்கு முன் டயல் சோதனை நடக்கும். ஒரு அறையில் 30 முதல் 50 பேர். கையில் 0 முதல் 100 வரை திருகும் கருவி, 50-இல் ஆரம்பம். பிடித்தால் ஏற்றுவார்கள், பிடிக்காவிட்டால் இறக்குவார்கள். காட்சிக்கும் கைக்கும் இடையில் ஓரிரு வினாடி தாமதம் இருக்கும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிட்டு, கோடு இறங்கிய இடத்தில் இருக்கும் சொல்லைக் குற்றம் சொல்வார்கள். உண்மையில் இறக்கியது அதற்கு முந்தைய சொல்லாக இருக்கும்.

பண்டிகை விளம்பரத்தில் டயல் இன்னொரு விதமாகவும் ஏமாற்றும். குழந்தை, மரம், பழகிய பாட்டு வந்ததும் கோடு ஏறும். ஏறிய இடத்திலேயே நிற்கும். வாடிக்கையாளருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் கோடு நகராமல் நிற்பதற்கு ரசிப்பு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கையைத் திருகுவதையே பலர் நிறுத்தியிருக்கலாம். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, நேற்றுப் பார்த்ததில் எது நினைவிருக்கிறது, அது யாருடையது என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். மரமும் குடும்பமும் நினைவிருந்து வேட்பாளர் பெயர் மாறிப்போனால் அந்த விளம்பரம் வாழ்த்து அட்டையாக மட்டும் வேலை செய்திருக்கிறது. கிளின்டனின் பெட்டிச் சீட்டுகளுக்கு இங்கே ஒரு வலிமை உண்டு: ஒவ்வொரு பெட்டியும் ஒரு கொள்கையை நினைவில் வைக்கிறது. ஆபத்தும் அதே இடத்தில்தான். பரிசு என்று சொன்னதும் யார் பணத்தில் வாங்கியது என்ற கேள்வி எழ வழி கிடைத்துவிடுகிறது.

டயல் பின்னணியைக் கண்டுபிடித்துத் தராது. அதற்குக் கைவேலைதான் உதவும். படத்தை ஒலி இல்லாமல் ஒருமுறை ஓட்ட வேண்டும். பிறகு வினாடிக்கு ஒரு படச்சட்டம் என்று 30 படச்சட்டங்களை அச்செடுத்து மேசையில் பரப்பி, வேட்பாளர் முகத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். சுவர், அலமாரி, சன்னல் சட்டம், விளக்கின் நிழல், சட்டை நிறம். படப்பிடிப்பில் இருந்தவர்களுக்கு அலமாரி அலமாரியாகத்தான் தெரியும். அதை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பார்வைக்கு வெளியாள் வேண்டும். வேறு மதத்தவர் ஒருவரும், மதமே இல்லாதவர் ஒருவரும் அதில் இருப்பது நல்லது.

ஒளிபரப்பான பின் திருத்தம் கடினம். வேட்பாளர் தோன்றும் விளம்பரத்தின் உள்ளடக்கத்தை நிலையம் வெட்டக்கூடாது என்பது அமெரிக்கத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 315-ஆம் பிரிவு. முதல்கட்டத் தேர்தலுக்கு முந்தைய 45 நாட்களில் வேட்பாளரிடம் மிகக் குறைந்த கட்டணமே வாங்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. ஜனவரி 3 காகஸுக்கு அந்தக் காலம் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் வாரத்தில் நிலையங்களில் விளம்பரப் பட்டியல் போடும் பிரிவு சீக்கிரமே மூடிவிடும். 24-ஆம் தேதி ஓடுவதை 26-ஆம் தேதிதான் மாற்ற முடியும் என்ற நிலை வரலாம். கடைசியில், இந்த விளம்பரத்துக்கு ஒப்புதல் தந்தது நான்தான் என்று வேட்பாளர் சொல்லும் அறிவிப்பு வேறு: எழுத்து திரை உயரத்தில் குறைந்தது 4 சதவீதம், குறைந்தது 4 வினாடி. வாழ்த்துச் சொல்லி முடித்த கையோடு அந்தச் சட்ட வாசகம் வரும்போது அறையின் மனநிலை சட்டென்று மாறும். எழுதும்போதே அதற்கு இடம் ஒதுக்காவிட்டால் படத்தொகுப்பில் சரிசெய்ய வழியில்லை.

எதிர்வினையின் அளவை வாக்கின் அளவாக எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அயோவா குடியரசுக் கட்சிக் காகஸுக்கு வந்தவர்கள் மாநிலம் முழுவதும் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். ஹக்கபீ 34 சதவீதம் வாங்கி வென்றார். வாக்குகளாக 40 ஆயிரத்துக்குச் சற்று மேல். உள்ளே நுழைகிறவர்களிடம் எடுத்த நுழைவாயில் கணிப்பில், வந்தவர்களில் 60 சதவீதம் பேர் தங்களைச் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் என்றார்கள், அவர்களில் 46 சதவீதம் பேர் ஹக்கபீக்குப் போட்டார்கள். நாடெங்கும் அந்தச் சிலுவையைக் கண்டு கொதித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தக் காகஸில் வாக்கே இல்லை. அதற்காக அவர்கள் கோபத்தைத் தள்ளிவிடக் கூடாது. அது வேறு கேள்விக்கான விடை, வேறு பக்கத்தில் எழுதப்பட வேண்டியது. விளம்பரம்தான் வெற்றி தந்தது என்று எழுதுவதும் தவறு. அவர் டிசம்பர் தொடக்கத்திலேயே கருத்துக்கணிப்புகளில் ஏறிக்கொண்டிருந்தார்.

பண்டிகை நாட்களில் ஆட்கள் வீட்டில் இருப்பதில்லை, தொலைபேசி எடுப்பதில்லை, அதனால் கணிப்பு எதுவும் உதவாது என்று சொல்வார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. அயோவாவின் டி மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழ் டிசம்பர் 27 முதல் 30 வரை எடுத்த கணிப்பில் ஜனநாயகக் கட்சியில் ஒபாமா 32 சதவீதம், கிளின்டன் 25, குடியரசுக் கட்சியில் ஹக்கபீ 32, மிட் ராம்னி 26 என்று வந்தது. விடுமுறைக் காலத்தில் எடுத்ததுதான் அது. பலர் அதைச் சந்தேகித்தார்கள். இரண்டு கட்சிகளிலும் வென்றவரை அது சரியாகச் சொல்லியிருந்தது.

எட்டு ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளர் டெட் குரூஸ் தன் இரண்டு சிறுமிகளுக்கு அரசியல் கேலியாக மாற்றிய கிறிஸ்துமஸ் கதைகளைப் படித்துக் காட்டும் விளம்பரம் வந்தது. முதலில் வந்தவை சிரிப்பும் எரிச்சலும். சில நாளில் வாஷிங்டன் போஸ்டின் கார்ட்டூனிஸ்ட் ஆன் டெல்நேஸ் அந்தச் சிறுமிகளைக் குரங்குகளாக வரைந்தார். குழந்தைகளை விட்டுவிடுவதே தங்கள் வழக்கம் என்று சொல்லி ஆசிரியர் அதை நீக்கினார். குரூஸ் அதைக் காட்டி நிதி திரட்டினார். அந்த நாளிலிருந்து விளம்பரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, கார்ட்டூனைப் பற்றித்தான் பேசினார்கள். இப்படிப்பட்ட தொகுப்பில் தேதிக்கோடு ஒன்று போட்டு, அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு, இருவரும் ஒத்துப்போகும் அளவு, அதை அளக்கும் எண்ணான கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபாவில் (முழுமையாக ஒத்துப்போனால் 1) 0.80-க்குக் கீழே இறங்கினால் குறியீட்டு விதிகளைத் திருத்தி மறுபடி தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் அநேகமாக இறங்கும். "பிள்ளைகளை ஏன் இதில் இழுக்கிறார்?" என்று ஒருவர் எழுதினால் அவர் தகப்பனைச் சொல்கிறாரா, ஓவியரைச் சொல்கிறாரா என்பது அந்த ஒரு வரியில் இருக்காது. அதற்கு மேலே இருக்கும் வரியையும் படித்த பிறகுதான் குறி போட வேண்டும்.