அப்பாவின் லோரியும் நான்கு டெஸ்க்டாப்பும்

அக்டோபர் 25, சனி

தீபாவளிக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வீடு அமைதியானதும் கணினி முன்னால் உட்கார்ந்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி. விண்டோஸ் 11 அதை ஏற்காது. எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆனால் 16 ஜிபி ரேம் இருக்கிறது, ஈப்போவில் பழையதாக வாங்கிய ரேடியான் ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, எல்லாம் நன்றாக ஓடுகிறது. இதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

இந்தக் கணினியை அதிகம் பயன்படுத்துவது அப்பாதான். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரியை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். முழங்கால் விட்டுப்போன பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தவித்தார். யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ஐயும் ஒரு பழைய லாஜிடெக் ஜி27 ஸ்டீயரிங்கையும் வாங்கி வைத்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் தேத்தண்ணி குடித்ததும் ஒரு மணி நேரம் லோரி ஓட்டுவார். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பழைய திரையில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அப்பா தானாகவே விளையாட்டைத் திறந்து ஓட்ட வேண்டும். எனக்கு இருந்த ஒரே நிபந்தனை அதுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

லினக்ஸ் மின்ட் 22.2 போட்டேன். லினக்ஸில் டெஸ்க்டாப் என்றால் பட்டை, மெனு, சாளரம் எல்லாம் சேர்ந்த திரைத் தோற்றம். அதில் பல வகை உண்டு. மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி. அப்பா வந்து பார்த்துவிட்டு, "இது பழையது மாதிரிதானே இருக்கு" என்றார். நிம்மதியாக இருந்தது.

ஏஎம்டி கார்டு என்பதால் டிரைவர் தேடி அலையும் வேலை இல்லை. லினக்ஸின் மையமான கெர்னலிலும், படம் வரைய உதவும் மீசா தொகுப்பிலும் எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. ஸ்டீயரிங்கும் அப்படித்தான். ஜி27-ஐச் செருகியதும் கெர்னலே அதை அடையாளம் கண்டு 900 டிகிரி முழுச் சுற்றுக்கு மாற்றிவிட்டது. எவ்வளவு சுற்ற வேண்டும், எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று அமைக்க ஓவர்ஸ்டியர் என்ற சின்னச் செயலி போதுமானதாக இருந்தது. இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை.

அடுத்ததில்தான் மாட்டிக்கொண்டேன். விண்டோஸ் காலத்து விளையாட்டுகள் எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் இருந்தன. மறுபடி பதிவிறக்கினால் எங்கள் இணைய வேகத்துக்கு இரண்டு இரவு ஆகும் என்று, விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் செயலியான ஸ்டீமுக்கு அந்த டிஸ்க்கையே காட்டினேன். லினக்ஸ் பதிப்பு உள்ளவை ஓடின. விண்டோஸ் பதிப்பு மட்டும் உள்ளவை "விளையாடு" பொத்தானை அமுக்கியதும் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிட்டன. அந்த டிஸ்க் விண்டோஸுக்கே உரிய என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருந்ததுதான் காரணம். விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் புரோட்டான், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பொய் விண்டோஸ் அறையைக் கட்டுகிறது. அதற்குள் "சி:" என்று முக்காற்புள்ளி உள்ள பெயரில் ஓர் இணைப்பு இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் அப்படிப் பெயர் வைப்பது விண்டோஸ் விதிக்குப் பொருந்தாது, அதனால் தகராறு. இரவு வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகர்த்தி, இந்த டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்துக்கு மாற்றி, திரும்ப நகர்த்தினேன். புதிதாக மாறுகிறவர்கள் இதை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

யூரோ டிரக்குக்கு 2013-லிருந்தே லினக்ஸ் பதிப்பு உண்டு. சொந்தப் பதிப்பு இருக்கும்போது மொழிபெயர்த்து ஓட்டுவது எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். நொடிக்கு எத்தனை பிரேம் (படம்) வருகிறது என்று திரையில் காட்டும் மேங்கோஹட்டைப் போட்டு வேகத்தைப் பார்த்தேன். பிர்மிங்காமிலிருந்து கிளம்பும் ஒரே பாதையில், ஒரே வெளிச்சத்தில், சொந்தப் பதிப்பு சராசரி 58 பிரேம். புரோட்டானில் விண்டோஸ் பதிப்பை ஓட்டினால் 72.

கார்டிடம் படம் வரையச் சொல்ல விளையாட்டுகளுக்குச் சில மொழிகள் உண்டு. லினக்ஸ் பதிப்பு ஓப்பன்ஜிஎல் வழியாக வரைகிறது. விண்டோஸ் பதிப்பு பேசுவது டைரக்ட்3டி 11. அதைப் புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே என்ற பகுதி, வல்கன் என்ற இன்னொரு மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறது. வல்கன் வழி என் கார்டுக்கு ஒத்துப்போகிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் புரோட்டானை வெளியிட்டது 2018 ஆகஸ்டில். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும், அதற்கு அடித்தளமான வைன் திட்டம் 1993-லேயே தொடங்கியது. அத்தனை வருட உழைப்பும் இன்று அப்பாவின் லோரியை ஓட்டுகிறது என்று நினைக்கும்போது அந்த ஆட்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

சரி, புரோட்டானுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் அப்பாவிடமிருந்து போன். "தம்பி, என் கம்பெனி எங்க? மூணு லோரி வெச்சிருந்தேன், ஒண்ணுமே இல்லையே!"

குரலில் உண்மையான கலக்கம். விளையாட்டு அவரைப் புது ஆளாக நினைத்து முதலிலிருந்து பெயர் கேட்டிருக்கிறது. சேமிப்பு அழியவில்லை, இடம்தான் வேறு. சொந்தப் பதிப்பு பயனர் கோப்புறைக்குள் ஓரிடத்தில் சேமிக்கும். புரோட்டான் பதிப்பு அந்தப் பொய் விண்டோஸ் அறைக்குள் இருக்கும் ஆவணக் கோப்புறையில் தேடும். ஸ்டீமில் யூரோ டிரக்கின் எண் 227300. அந்த எண்ணுள்ள கோப்புறையைக் கண்டுபிடித்து, சுயவிவரக் கோப்புறையை அங்கே பிரதி எடுத்ததும் மூன்று லோரியும் திரும்பி வந்தன. மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். அன்று இரவு பத்தரை மணிக்கு நான் வீடு வரும்வரை அப்பா சாப்பிடாமல் இருந்தார்.

நவம்பர் 8, சனி

கம்பெனி வந்துவிட்டது. ஆனால் அப்பா ஒரு புதுக் குறை சொன்னார். "வளைவுல திரும்பும்போது மரமெல்லாம் வெட்டி வெட்டிப் போவுது. முன்ன இப்படி இல்ல. கண்ணு வலிக்குது."

மேங்கோஹட்டில் சராசரி 70-க்குக் குறையவில்லை. எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதாடினேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை, சாலையைப் பார்த்தார். டெஸ்க்டாப்தான் பாரமாக இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இலேசானது என்று எல்லோரும் சொல்லும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒரே லினக்ஸில் பல டெஸ்க்டாப்பை நிறுவி, நுழையும் திரையில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரே பயனர் பெயரில் இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்தால் அமைப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எழுத்துரு மாறும், ஐகான் மாறும், பிறகு எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பயனர் உருவாக்குங்கள். நான் "சோதனை1", "சோதனை2" என்று வைத்துக்கொண்டேன்.

கணினி சும்மா இருக்கும்போது சின்னமன் ஏறக்குறைய 1.1 ஜிபி எடுத்தது, எக்ஸ்எஃப்சிஇ 700 எம்பி. விளையாட்டுக்குள் போனால்? சின்னமனில் 72, எக்ஸ்எஃப்சிஇ-இல் 73. அதே டெஸ்க்டாப்பில் இரண்டு முறை ஓட்டினாலே அவ்வளவு வித்தியாசம் வருகிறது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியாக இருந்தால் இந்த 400 எம்பி பெரிய விஷயம், அதற்கு நான் யோசிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ-ஐச் சொல்வேன். 16 ஜிபி உள்ள கணினியில் அதனால் லோரிக்கு ஒரு லாபமும் இல்லை. மரங்களும் அதே மாதிரிதான் வெட்டிக்கொண்டு போயின.

நவம்பர் 15, சனி

மூன்று நாளாக மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இடியும் மழையும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

எங்கள் பெரிய திரை 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஃப்ரீசிங்க் வசதியும் உள்ளது. கார்டு எந்த வேகத்தில் படம் கொடுக்கிறதோ அந்த வேகத்துக்குத் திரையே தன்னை மாற்றிக்கொள்ளும். விண்டோஸில் அது வேலை செய்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. மின்ட்டுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. படம் 66, 71, 69 என்று ஏறி இறங்க, திரை மட்டும் 75-இலேயே நிற்கிறது. சில படம் ஒரு முறை தெரியும், சில படம் இரண்டு முறை தெரியும். நேர்ச்சாலையில் கண்ணுக்குப் படாது. வளைவில் முழுக் காட்சியும் பக்கவாட்டில் நகரும்போது மரம் வெட்டும். அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மின்ட்டில் திரையில் படம் காட்டும் அடிப்படை அமைப்பின் பெயர் எக்ஸ்11. அதிலும் மாறும் புதுப்பிப்பு வேகத்தை இயக்க வழி உண்டு. ஆனால் எங்களுக்கு இரண்டு திரை. எக்ஸ்11 1987-இல் வந்த அமைப்பு. அதற்கு இரண்டு திரையும் சேர்ந்து ஒரே பெரிய பரப்பு. விளையாட்டு அந்தப் பரப்பு முழுவதையும் நிரப்பினால்தான் இந்த வசதி கிடைக்கும். இரண்டாவது திரையை அணைத்துப் பார்த்தேன், வழவழவென்று ஓடியது. ஆனால் அப்பாவின் பாட்டு போய்விட்டது. பாட்டில்லாமல் லோரி ஓட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியென்றால் ஒவ்வொரு திரையையும் தனித்தனியாக நடத்தும் புதிய அமைப்பான வேலண்ட் வேண்டும். மின்ட்டின் சின்னமனில் வேலண்ட் இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ-யும் அப்படியே. கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் வேலண்ட் உண்டு, ஆனால் மின்ட் தன் கேடிஇ பதிப்பை 18.3-ஓடு நிறுத்திவிட்டது. ஆக, டிஸ்ட்ரோவையே, அதாவது மின்ட் என்ற லினக்ஸ் வகையையே மாற்ற வேண்டியதாயிற்று.

நவம்பர் 22, சனி

முதலில் ஃபெடோரா 43 என்ற டிஸ்ட்ரோவின் க்னோம் டெஸ்க்டாப்பை யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, எனக்குப் பிடித்தது. ஆனால் கீழே பட்டை இல்லை, ஸ்டீமை மூடினால் அது ஒளிந்துகொள்ளும் மூலை ஐகானும் தானாக வராது, நீட்சி சேர்க்க வேண்டும். அப்பா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதோடு க்னோம் முடிந்தது.

அடுத்து கேடிஇ பிளாஸ்மா. வால்வின் கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக்கின் டெஸ்க்டாப் முறையிலும் இதுதான் இருக்கிறது. திரை அமைப்பில் ஒவ்வொரு திரைக்கும் தனிப் பக்கம். பெரிய திரைக்கு மட்டும் தகவமைப்பு ஒத்திசைவை (ஃப்ரீசிங்க் வசதியை) "தானியங்கி" என்று வைத்தேன். கட்டளை எதுவும் தட்டவில்லை, எந்தக் கோப்பையும் திருத்தவில்லை. இரண்டாவது திரையில் பாட்டைப் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

பிளிமத் போகும் வழியில் ஒரு ரவுண்டானா வரும். சுற்றி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இப்ப சரியா இருக்கு."

மேங்கோஹட்டில் சராசரி 72. மூன்று டெஸ்க்டாப்பிலும் ஏறக்குறைய அதே எண். நான் ஒரு மாதமாக அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் முழுக்க அதற்கு வெளியே இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

பிளாஸ்மாவிலும் இடைஞ்சல் உண்டு. எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் தெரியாமலும் மாற்றிவிடலாம். செவ்வாய்க்கிழமை அப்பா வலது பொத்தானை அமுக்கி, கீழ்ப்பட்டை முழுவதையும் நீக்கிவிட்டார். எல்லாம் சரியாக இருக்கும் நிலையில் அவருடைய பிளாஸ்மா அமைப்புக் கோப்புகளை ஒரு பிரதி எடுத்து வைத்தேன். மறுபடி நடந்தால் திரும்பப் போட்டுவிடலாம்.

தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிஐடிஎக்ஸ்5 நிறுவினேன். வேலண்ட்டில் அதை அமைப்புகளில் உள்ள "மெய்நிகர் விசைப்பலகை" பக்கத்தில் தேர்ந்தெடுத்தால்தான் எல்லாச் செயலியிலும் வேலை செய்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. தமிழ்99 அருமையாக வருகிறது. விளையாட்டுக்குள் போகும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் விசைகள் சரியாகப் போய்ச் சேராது.

அக்கா மகன் வந்திருந்தான். "மாமா, இதுல வாலரண்ட் போடுங்க" என்றான். அந்தப் போட்டி விளையாட்டு இதில் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது, புரோட்டானால் அதைக் கொடுக்க முடியாது. டெஸ்க்டாப்பை மாற்றினாலும் இது மாறாது. அதையே தினமும் விளையாடுகிறவர்கள் லினக்ஸுக்கு வருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். டோட்டா 2 போட்டுக் கொடுத்தேன். அதற்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஸ்டீமிலிருந்தே விளையாட்டுக்குக் குறுக்குவழி உருவாக்கி, முகப்பில் வைத்து, "லோரி" என்று தமிழில் பெயர் மாற்றினேன். நேற்று இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது கணினி சூடாக இருந்தது. அப்பாவின் கம்பெனியில் நான்காவது லோரி நின்றது. இனி ஜி27-இன் கியர் குச்சிக்கு வரிசை அமைக்க வேண்டும். ரிவர்ஸ் தான் ஓட்டிய பழைய லோரியில் இருந்த இடத்திலேயே வேண்டுமாம்.