யெல்லோஸ்டோன்ல ஆர்வி எடுத்து, அப்பாவோட சிபாப் மெஷினுக்கு கரண்ட் தேடி அலைஞ்ச நாலு நாள்

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் அந்த ரெண்டாவது நாள் ராத்திரி மூணு மணிய நினைச்சா எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகுது. அப்பா அம்மாவ கோயம்புத்தூர்ல இருந்து வரவழைச்சு இங்க அமெரிக்காவுல இருக்குற யெல்லோஸ்டோன் தேசிய பூங்காவுக்கு கூட்டிட்டு போகணும்னு ரெண்டு வருஷமா ஆசை. அப்பாவுக்கு ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்துல நடுநடுவுல மூச்சு நின்னுரும், அதனால மூணு வருஷமா மாஸ்க் வழியா காத்து தள்ளுற சிபாப் மெஷின், ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, போட்டுத்தான் தூங்குறார். ஹோட்டல்ல தங்கினா மெஷினுக்கு கரண்ட் பிரச்சனையே இல்ல, ஆனா பேரன் பேத்தியோட ஒரே வண்டியில காட்டுக்குள்ள தங்கணும்னு அம்மா ரொம்ப ஆசைப்பட்டாங்க, அதான் கட்டில், கிச்சன் எல்லாம் உள்ளயே இருக்குற ஆர்வி வண்டி.

பிளைட், வாடகை, கேம்ப்சைட் புக்கிங் எல்லாம் சுலபமா முடிஞ்சது. பார்க்குக்குள்ள மின் இணைப்பு குடுக்குற கேம்ப்கிரவுண்ட் ஒண்ணே ஒண்ணுதான், ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க். நான் பாக்கும்போது அது ஃபுல். அதனால பார்க்குக்குள்ளயே இருக்குற மேடிசன் கேம்ப்கிரவுண்ட் எடுத்தேன். அங்க தண்ணி இருக்கு, டாய்லெட் இருக்கு, கரண்ட் கிடையாது. 6,800 அடி உயரம், செப்டம்பர்ல ராத்திரி கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரிக்கு போயிடும். ஃபிரண்டு ஒருத்தர் அவரோட பவர் ஸ்டேஷன், அதாவது பிளக் பாயிண்ட் வெச்ச பெரிய பேட்டரி பெட்டி, தரேன்னார், ஆனா 160 வாட்-அவருக்கு மேல இருக்குற லித்தியம் பேட்டரிய பிளைட்ல ஏத்தவே விட மாட்டாங்க, அது 500 வாட்-அவர். விட்டுட்டு போனோம். சிபாப் மெஷின் மட்டும் மெடிக்கல் டிவைஸ்ங்கறதால கேபின் பேக் கணக்குல சேக்காம கையில எடுத்துட்டு போகலாம், அது பிரச்சனையே இல்ல.

சால்ட் லேக் சிட்டில வண்டி எடுக்கும்போது கவுண்டர்ல இருந்தவர்கிட்ட நான் தெளிவா கேட்டேன், அப்பாவுக்கு ராத்திரி பூரா மூச்சு மெஷின் ஓடணும், ஹூக்கப் (வெளி கரண்ட் இணைப்பு) இல்லாத எடத்துல தங்குறோம், பிளக் பாயிண்ட் வேலை செய்யுமான்னு. "பேட்டரி இருக்கு, பிளக் எல்லா பக்கமும் இருக்கு, கவலையே படாதீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேப்பர நீட்டினார். பேட்டரி கரண்ட பிளக் கரண்டா மாத்துற இன்வெர்ட்டர் இருக்கா, எத்தனை வாட், எந்த பிளக் அதுல வருதுன்னு மூணு கேள்வி கேட்டிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். கேக்கல. மொத ராத்திரி ஐடஹோ ஃபால்ஸ்ல கரண்ட் இருக்குற ஆர்வி பார்க்ல தங்கினோம், மெஷின் ஜம்முனு ஓடிச்சு, அதுவே எங்கள ஏமாத்திருச்சு.

ரெண்டாவது நாள் சாயங்காலம் மேடிசன் போய் சேந்தோம். அங்க ஜெனரேட்டர் காலைல 8 மணில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும்தான் ஓட்டலாம். சரின்னு 8 மணிக்கு ஆஃப் பண்ணிட்டு சாப்ட்டோம். ஒம்பதரைக்கு அப்பா கட்டிலுக்கு பக்கத்துல இருந்த பிளக்ல மெஷின சொருகினார், ஒண்ணும் வரல. அடுத்த பிளக், வரல. கிச்சன் பிளக், வரல. லைட் எரியுது, தண்ணி பம்ப் ஓடுது, பிளக்ல மட்டும் கரண்ட் இல்ல. ஏன்னா லைட்டும் பம்பும் 12 வோல்ட், பேட்டரில நேரா ஓடுறது. சுவத்துல இருக்குற பிளக் எல்லாம் 120 வோல்ட், வெளிய இருந்து கரண்ட் வந்தாலோ ஜெனரேட்டர் ஓடினாலோதான் உயிர் வரும். கம்பெனிக்கு போன் போடலாம்னா சிக்னலே இல்ல.

அப்புறம் டிவிக்கு பின்னாடி ஒரு பிளக் இருக்குறத என் பையன் பாத்தான். அது மட்டும் சின்ன இன்வெர்ட்டர்ல ஓடுது. எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டு மெஷின ஆன் பண்ணினதும் திரை எரிஞ்சது. அம்மா கைய எடுத்து கும்பிட்டாங்க. குளிரா இருக்குன்னு ஃபர்னஸ் (வண்டியோட ஹீட்டர்) போட்டோம், மெஷின்ல காத்த ஈரமாக்குற ஹியூமிடிஃபையரும் சூடாகுற டியூபும் வீட்ல இருக்குற மாதிரியே ஆன்ல விட்டுட்டு படுத்துட்டோம்.

மூணு மணி இருக்கும். "கண்ணு, எந்திரி சாமி, அப்பாவுக்கு மூச்சு திணறுது"ன்னு அம்மா தோள புடிச்சு உலுக்கினாங்க. மெஷின் செத்துருச்சு, ஃபர்னஸும் நின்னுருச்சு, எங்கயோ கேஸ் டிடெக்டர் பீப் பீப்னு கத்துது. அப்பா மாஸ்க்க கழட்டி வீசிட்டு கட்டில் நுனில உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருந்தார். அதுக்கப்புறம் அவர் படுக்கவே இல்ல. சாப்பாட்டு மேஜைல ரெண்டு தலகாணிய அடுக்கி, அது மேல கன்னத்த வெச்சு, ஸ்வெட்டருக்கு மேல அம்மாவோட சால்வைய போத்திக்கிட்டு உக்காந்தே தூங்கினார். ஒவ்வொரு தடவ குறட்டை நடுவுல நிக்கும்போதும் நான் மனசுக்குள்ள எண்ணுவேன், எட்டு, ஒம்பது, பத்து, அப்புறம் பெருசா ஒரு இழுப்பு. விடியற வரைக்கும் நான் கண்ண மூடல.

காலைல 8 மணிக்கு ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணலாம்னா அதுவும் ஆகல. ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்றதே அந்த பேட்டரிதான், அது காலி. பக்கத்து சைட்ல இருந்த வயசான அமெரிக்கர் நாங்க தடுமாறுறத பாத்துட்டு வந்தார். அவரும் பல வருஷமா சிபாப் போடுறவராம். வண்டி இன்ஜின ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிஷம் விடுங்க, ஆல்டர்நேட்டர் கொஞ்சம் சார்ஜ் ஏத்தும், அப்புறம் ஜெனரேட்டர் எடுக்கும்னார். எடுத்துச்சு. வண்டி பெட்ரோல் டேங்க்ல இருந்தே ஓடுற ஜெனரேட்டரா இருந்தா டேங்க் கால்வாசிக்கு கீழ போனா அது நின்னுரும், அதையும் அவர்தான் சொன்னார்.

படிக்கட்டுக்கு கீழ இருந்த மூடிய திறந்து பேட்டரிய காட்டி கணக்கும் சொல்லி குடுத்தார், அத அப்படியே சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சிருந்தா அந்த ராத்திரி நடந்திருக்காது. ஒரே ஒரு லெட் ஆசிட் பேட்டரி, சுமார் 80 ஆம்ப்-அவர். அதுல பாதிதான் எடுக்கலாம், அதுக்கு மேல எடுத்தா பேட்டரி கெட்டுரும், அதாவது 40. ஃபர்னஸ் கேஸ்ல சூடாக்கினாலும் காத்த தள்ளுற ஃபேன் ஓடும்போது மணிக்கு 7, 8 ஆம்ப்-அவர் இழுக்கும், குளிர் ராத்திரில பாதி நேரம் ஓடினாலே 30க்கு மேல போச்சு. மிச்சம் இருக்குறதுல ஹியூமிடிஃபையரோட சிபாப், அதுவும் இன்வெர்ட்டர் வழியா. எங்கிருந்து தாங்கும்? மெஷின்ல காத்து தள்ளுற மோட்டார் ரொம்ப கம்மியாத்தான் எடுக்கும், கரண்ட தின்றது தண்ணிய சூடாக்குறதும் டியூப சூடாக்குறதும்தான், அந்த ரெண்டையும் ஆஃப் பண்ணுங்கன்னார். இந்த ஒரு வார்த்தைய டாக்டர், மெஷின் வித்தவங்க, வண்டி குடுத்தவங்க யாருமே எங்களுக்கு சொன்னதில்ல.

இன்வெர்ட்டரே இல்லாம 12 வோல்ட் சாக்கெட்ல நேரா ஓட்ட டிசி கன்வெர்ட்டர்னு ஒரு வயர் இருக்கு. ஏர்சென்ஸ் 10 ஓடுறது 24 வோல்ட்ல, அதனால சும்மா வயர வெட்டி ஒட்ட முடியாது, 12ஐ 24 ஆக்குற அந்த கன்வெர்ட்டர்தான் வேணும். 14 மைல் தள்ளி வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊருக்கு போய் சிக்னல் கிடைச்சதும் மருத்துவ உபகரண கடைகளுக்கு வரிசையா போன் போட்டேன். ஐடஹோ ஃபால்ஸ்ல ஒரு கடைல "ரெஸ்மெட் டிசி கேபிளா, இருக்கு, வாங்க"ன்னாங்க. ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு போனோம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊத்து பாக்க வேண்டிய நாள் அது.

கடைல பெட்டிய வெளிய எடுத்தாங்க, மேல 11னு போட்டிருக்கு. எங்க மெஷின் 10. "ரெண்டும் ரெஸ்மெட்தானே, போட்டு பாருங்க"ன்னார் அங்க இருந்தவர். கையோட கொண்டு போயிருந்தேன், போட்டு பாத்தேன், பின் உள்ளயே போகல. ரெண்டு மாடலுக்கும் கனெக்டரே வேற. 10க்கு உள்ளது ஆர்டர் போட்டா அஞ்சு வேலை நாள் ஆகும்னார், அஞ்சு நாள்ல நாங்க திரும்பி ஊருக்கே போயிருப்போம். போன்ல எந்த மாடல்னு ஒரு வார்த்தை அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. தயவுசெஞ்சு போன்லயே மாடல் நம்பர படிச்சு காட்டுங்க, பெட்டி மேல என்ன எழுதிருக்குன்னு அவங்கள படிக்க சொல்லுங்க. பார்க்கிங்ல வந்து நின்னப்போ அப்பா, "விடு தம்பி, நான் நாலு நாளைக்கு உக்காந்தே தூங்கிக்கறேன், கொழந்தைங்க வந்ததுக்கு சுத்தி பாக்கட்டும்"னார். அத கேட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதே ஊர்ல ஒரு பெரிய கடைல 500 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் வாங்கினேன். ஓசில கிடைச்சத வீட்ல விட்டுட்டு வந்து காசு குடுத்து வாங்கினேன், பரவால்ல. வாங்கும்போது பியூர் சைன் வேவ்னு (வீட்டு கரண்ட் மாதிரி சீரா வர்றது) பெட்டில எழுதிருக்கான்னு பாருங்க, மலிவு இன்வெர்ட்டர்ல வர்ற கரண்ட இந்த மாதிரி மெஷினுக்கு குடுக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி ஹியூமிடிஃபையர் ஆஃப், டியூப் சூடு ஆஃப், ஏரோபிளேன் மோட் ஆன். பவர் ஸ்டேஷன் திரைல 9 வாட், 8 வாட், அப்பா மூச்சு உள்ள இழுக்கும்போது 11. ரெண்டு சூட்டையும் ஒரு நிமிஷம் ஆன் பண்ணி பாத்தேன், 50ஐ தாண்டிருச்சு. உடனே ஆஃப்.

நிம்மதியா படுத்தோம், 1:40க்கு மறுபடியும் நின்னுருச்சு. பெட்டில 90 சதவீதம் சார்ஜ் இருக்கு, ஆனா அவுட்புட் ஆஃப். டார்ச் அடிச்சு மேனுவல படிச்சா ஈகோ மோட்னு ஒண்ணு, கரண்ட் ரொம்ப கம்மியா போனா யாரும் யூஸ் பண்ணலன்னு நினைச்சு தானா ஆஃப் ஆயிடுமாம். வாங்கும்போதே அது ஆன்ல இருந்திருக்கு. ஆஃப் பண்ணினேன். நல்லவேளை இந்த தடவ நான் முழிச்சுதான் இருந்தேன், அப்பா எந்திரிக்கறதுக்குள்ள திரும்ப ஆன் பண்ணிட்டேன். பவர் ஸ்டேஷன் யார் வாங்கினாலும் மொத ராத்திரிக்கு முன்னாடியே இந்த செட்டிங்க தேடி ஆஃப் பண்ணுங்க, பகல்லயே ரெண்டு மணி நேரம் மெஷின ஓட்டி பாருங்க.

அதுக்கப்புறம் பிரச்சனை இல்ல. காலைல பாக்கும்போது 70 சதவீதம் மிச்சம் இருந்துச்சு. போன 30லயே பாதி அந்த பெட்டியோட இன்வெர்ட்டர் தின்னது, டிசி கன்வெர்ட்டர் இருந்திருந்தா 15தான் போயிருக்கும். காலைல ஜெனரேட்டர் ஒரு மணி நேரம், மிச்சத்துக்கு வண்டி ஓடும்போது 12 வோல்ட் சாக்கெட்ல சொருகிட்டோம். ஜெனரேட்டருக்கு மணிக்கணக்குல தனியா காசு வாங்குவாங்க, பாத்துக்கோங்க. வேற எடத்துல ராத்திரி ஓட்ட அனுமதி இருந்தாலும் அத ஓடவிட்டு தூங்காதீங்க, கார்பன் மோனாக்சைடு உள்ள வந்தா உயிருக்கே ஆபத்து. லித்தியம் பெட்டிய ராத்திரி வண்டிக்குள்ளயே வெச்சுக்கோங்க, உறையுற குளிர்ல அத சார்ஜ் பண்ண கூடாது.

சூடு இல்லாததால அப்பாவுக்கு மூக்கு காஞ்சுச்சு, அந்த உயரத்துல காத்தே ரொம்ப வறட்சி. ஹியூமிடிஃபையர் ஆஃப்ல இருந்தாலும் தொட்டில டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி வெச்சா காத்து அது மேல போகும்போது கொஞ்சம் ஈரம் எடுத்துக்கும், படுக்கும் முன்னாடி சலைன் ஸ்ப்ரே ரெண்டு அடி. ஹோஸ போர்வைக்குள்ள விட்டுக்கிட்டா குளிர்ந்த காத்து மூஞ்சில அடிக்காது. இந்த மூணுலயே சமாளிச்சிட்டார்.

கடைசி நாள் காலைல நான் எந்திரிக்கும்போது அப்பா வெளிய பெஞ்சுல உக்காந்து, அம்மா போட்டு குடுத்த காப்பிய ஊதி ஊதி குடிச்சிட்டு இருந்தார். மெஷின் திரைல ரிப்போர்ட்ட பாத்தேன், 7.4 மணி நேரம், ஏஹெச்ஐ (மணிக்கு சராசரியா எத்தனை தடவ மூச்சு தடைபட்டுச்சுங்கற கணக்கு) 2.1, மாஸ்க் சீலுக்கு பக்கத்துல பச்சை கலர் சிரிச்ச மூஞ்சி. போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் போட்டோவுக்கு அடுத்தது அதுதான் இருக்கு.