திருமலையில (எங்கட திருகோணமலையில) எங்க சாப்பிடலாம்?

ஊருக்கு வாற சொந்தக்காரர் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி இதுதான். போனில தேடினா உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள்தான் வரும். குறை சொல்லேல்ல, ஆனா வெள்ளைக்காரருக்கு எண்டு உறைப்புக் குறைச்ச கறி எங்களுக்கு எதுக்கு?

காலமையே டவுனுக்குள்ள இறங்குங்கோ. பெயர்ப்பலகை மங்கின கடையாப் பாருங்கோ, வாசல்ல ஓட்டோக்கள் நிண்டா யோசிக்காம உள்ள போங்கோ. ஆவி பறக்கிற இடியப்பம், இடிச்ச சம்பல். நல்ல கடை எண்டா சொதியைக் கேக்காமலே ரெண்டாந்தரமும் ஊத்துவினம்.

பின்னேரம் டச்சு பே கடற்கரையில சுண்டலும் இஞ்சி பிளேன்டீயும். மான் பக்கத்தில வந்து நிண்டா கடலைப் பை கவனம்!

கிண்ணியாப் பக்கம் போனா (முந்தி பாதைக்கு, அதான் ஆக்களை அக்கரைக்கு ஏத்திற படகுக்கு, காத்து நிக்க வேணும், 2009இல பாலம் திறந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்ல) எருமைத் தயிர் வாங்காமத் திரும்பாதேங்கோ. மண்சட்டியைச் சரிச்சுப் பாருங்கோ, தயிர் அசையக் கூடாது. மேல தடிப்பா ஆடை நிக்க வேணும். அதுக்குக் கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சின கித்துள் பாணிதான். சீனி போடுறவையோட எனக்குக் கதையில்ல.

கொத்து ரொட்டி எந்தக் கடையில எண்டு மட்டும் கேக்காதேங்கோ. அந்தச் சண்டை எங்கட வீட்டிலயே இன்னும் முடியேல்ல.