தக்கீலே தீவு: பயண நாட்குறிப்பு

10 ஜூன் 2024, திங்கள். பூனோ

பெரு நாட்டின் தலைநகர் லிமாவிலிருந்து விமானத்தில் ஹுலியாகா, அங்கிருந்து வேனில் ஒரு மணி நேரம். டிட்டிகாகா ஏரிக்கரையில் இருக்கும் பூனோ ஊருக்கு மதியம் வந்து சேர்ந்தேன். உயரம் 3,800 மீட்டருக்கும் மேல். வந்த கொஞ்ச நேரத்திலேயே நெற்றிப்பொட்டில் வலி. விடுதி அம்மா கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்து, இன்று எங்கும் அலையாதே என்று சைகையிலேயே சொல்லிவிட்டார். படுத்துவிட்டேன்.

11 ஜூன், செவ்வாய். தக்கீலே

தீவுக்காரர்கள் போய்வரும் மெதுவான படகு. சுமார் 45 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். முதலில் கோரைக் காட்டுக்குள் வெட்டிய கால்வாய், அப்புறம் திடீரென்று கடல் மாதிரி நீலம்.

துறையிலிருந்து ஊருக்கு 500-க்கும் மேற்பட்ட கல்படிகள். இருபது படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், நுரையீரலுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. என்னைத் தாண்டிப் போன பாட்டி முதுகில் மூட்டையைத் துணியால் கட்டியிருந்தார். கையில் தக்ளி. படியேறிக்கொண்டே கம்பளி நூற்றார், நூல் ஒரு இடத்திலும் அறவில்லை.

மூன்று மணிக்குள் சுற்றுலாப் படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. தீவைப் பார்க்க வருபவர்கள் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பேன். இங்கே மோட்டார் வண்டி கிடையாது. கூட்டம் போனதும் ஆட்டின் கத்தலும் யாரோ யாரையோ கெச்சுவா மொழியில் கூப்பிடுவதும் மட்டும்தான் காதில் விழுந்தது. விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்புகிறார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு மண்சுவர் வீடு. இரவு கினோவா சூப், உருளைக்கிழங்கு, ஓமவல்லி போல வாசம் வரும் முன்யா இலைத் தேநீர். தண்ணீர் இங்கே 90 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் கிழங்கு வேக நேரமாகிறதாம். அதுவரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன், அதுதான் கதகதப்பான இடம்.

12 ஜூன், புதன்

இன்று முழுக்க வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தேன்.

தக்கீலேயில் ஊசிப் பின்னல் ஆண்களின் வேலை, பெண்கள் தறியில் நெய்கிறார்கள். இந்தக் கலையை 2005-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. வீட்டுக்காரர் எட்டு வயதில் தொடங்கினாராம். கம்பி போன்ற ஐந்து மெல்லிய ஊசிகள். நூலைக் கையில் சுற்றுவதில்லை, கழுத்தைச் சுற்றி விட்டிருக்கிறார். கட்டைவிரல் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு கண்ணி விழுகிறது. வண்ணம் மாறும் இடத்தில் அடுத்த நூலைப் பார்க்காமலே எடுக்கிறார். பேசும்போதும் நடக்கும்போதும் கை நிற்பதில்லை.

அவர் பின்னிக்கொண்டிருந்தது ஆண்கள் போடும் குல்லா, அதற்கு சுல்யோ என்று பெயர். முழுக்கச் சிவப்பு என்றால் மணமானவர். மேல்பாதி வெள்ளை என்றால் மணமாகாதவர். அந்தக் காலத்தில் பெண் கேட்டுப் போகிறவன் தான் பின்னிய குல்லாவைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுப்பானாம், அவர் அதில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாராம். நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பழைய குல்லா ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டார். எண்ணத் தொடங்கினேன். ஐம்பது எண்ணும்போது அடியில் ஈரம் கசிந்து கறுத்தது. நூறு வரை ஒரு சொட்டுகூட விழவில்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஒரு காலத்தில் இந்த நிலமெல்லாம் வெளி ஆட்களின் பண்ணை. தீவு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துத் தங்கள் மண்ணைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். சதுக்கத்தில் இருக்கும் கூட்டுறவுக் கடையில் பேரம் கிடையாது, எழுதிய விலைதான். அது நியாயம். வாரக்கணக்கில் உட்கார்ந்து பின்னியதைப் பாதி விலைக்குக் கேட்க யாருக்கும் மனம் வரக்கூடாது.

13 ஜூன், வியாழன்

ஆறு மணிக்கு முன்பே எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த அடுக்குவயல் மேட்டில் நின்றேன். விரல் விறைத்தது. ஏரிக்கு அந்தப் பக்கம், பொலிவியாவில், இல்யாம்பு மலையின் பனிமுகடு முதலில் கறுப்பாகத் தெரிந்தது, பிறகு ஓரம் மட்டும் ஆரஞ்சு. தண்ணீர் அதன் பிறகுதான் விடிந்தது.

கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா துணியில் முடிந்த அவித்த கிழங்கைப் பையில் வைத்தார். "சுல்பாய்கி" என்றேன், கெச்சுவாவில் நன்றி. உச்சரிப்பைத் திருத்தி, மறுபடி சொல்ல வைத்தார்.

கடையில் வாங்கிய மேல்பாதி வெள்ளைக் குல்லாவைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினேன். கயிற்றை அவிழ்த்த படகுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார். "இன்னும் கல்யாணம் ஆகவில்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.