ஹீட்டர் ராடு வாங்கும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் மூணாறு, தேவிகுளம் பக்கம் விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் கிடக்கும். விறகு அடுப்பில் அண்டா ஏற்றிய பல வீடுகளில் இப்போது ஹீட்டர் ராடுதான். கடையில் போய் நின்றதும் "ஆயிரம் வாட்டா, ஆயிரத்தைந்நூறா?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கு முன்னால் வீட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்: ராடைச் சொருகப்போகும் பாயிண்டில் எர்த் உயிரோடு இருக்கிறதா? கம்பெனி, விலை, வாட் எல்லாம் அதற்கப்புறம்.

ஏன் என்பதற்கு ராடின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும். வெளியே தெரிவது நிக்கல் முலாம் பூசிய செப்புக் குழாய். அதன் நடுவில் கரண்ட் பாய்ந்தால் சூடேறும் நிக்ரோம் கம்பிச் சுருள். கம்பியும் குழாயும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இடையில் மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். தலைப்பகுதியின் சீல் தளர்ந்தாலோ குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலோ பொடி நனைந்து, பேஸ் (கரண்டைக் கொண்டுவரும் வயர்) கரண்ட் செப்புக் குழாய்க்கு வந்துவிடும். குழாய் இருப்பது தண்ணீருக்குள். அப்போது நம்மைக் காப்பாற்ற இருப்பது குழாயோடு இணைத்த பச்சை எர்த் வயர் மட்டும்தான்.

எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழைய வாடகை வீடுகளிலும் மூன்று ஓட்டைப் பாயிண்ட் இருக்கும், எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. இருந்தாலும் மலைப்பாறையில் அரைகுறையாக இறக்கிய எர்த் பைப்பாக இருக்கும். "அதான் எம்சிபி போட்டிருக்கே" என்று பலர் நம்பியிருக்கும், அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழும் அந்தச் சுவிட்ச் இங்கேதான் கைவிடும். கணக்கைப் பாருங்கள். எர்த் பைப்பின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம், பாறை மண்ணில் இது பெரிய எண் இல்லை. ராடில் பேஸ் முழுதாகக் கசிந்தாலும் 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்ப்தான் எர்த் வழியே போகும். 16 ஆம்ப் எம்சிபிக்கு அது சாதாரண லோடு, அசையாது. வாளித் தண்ணீர் கரண்டோடு நிற்கும், மேலே ஒன்றும் தெரியாது.

இதற்கு மருந்து 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. நம் ஊரில் இதையும் ஈஎல்சிபி என்றே சொல்கிறோம். பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வராமல் வேறெங்கோ ஒழுகினால் அது ஒரு விநாடிக்குள் வெட்டிவிடும். எர்த் தடை 50 ஓம் ஆனாலும் 200 ஓம் ஆனாலும் அதற்குக் கவலையில்லை. வயர்மேனை அழைத்து இந்த ஒன்றையாவது மாட்டுங்கள். அதன் முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். வயர்மேன் வந்திருக்கும்போதே எர்த்தையும் பார்க்கச் சொல்லலாம். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால், பேஸ்-நியூட்ரலில் எரிந்த அதே வெளிச்சம் வர வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. எரியவே இல்லை என்றால் எர்த்தே இல்லை. இது வயர்மேன் செய்ய வேண்டிய வேலை, நாம் கை வைக்கக் கூடாது. எஸ்டேட் வீடென்றால் வயரிங் வேலையை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

இனி வாட். 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் 6.5 ஆம்ப் இழுக்கும். ஃபேன், லைட் போடுகிற சின்ன பாயிண்ட் 6 ஆம்ப்புக்கானது. அதில் கன்வெர்ட்டர் பிளக் வைத்து 1500 வாட் ராடைச் சொருகினால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. நாள்பட நாள்பட சாக்கெட்டின் உள் பித்தளை சூடேறித் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும். கடைசியில் பிளக் பின்னைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்து பிளாஸ்டிக் தீயும் வாடை வரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதே ரகம்தான். ஆகவே 16 ஆம்ப் பவர் பிளக், அதற்குத் தனியாக 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் வயர் இருந்தால் 1500 வாட். எர்த் உள்ள 6 ஆம்ப் பாயிண்ட் மட்டும்தான் என்றால் 1000 வாட் போதும், 4.3 ஆம்ப்தான் வரும். வீட்டுக்கு 2000 வாட் ராடு தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? 15 லிட்டர் வாளி, 10 டிகிரித் தண்ணீர், குளிக்க 40 டிகிரி. இதற்கு வேண்டிய மின்சாரம் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூட, 0.52. 1500 வாட்டில் கணக்குப்படி 21 நிமிடம், காற்றில் போகும் சூட்டையும் சேர்த்தால் 25 வரை போகும். 1000 வாட்டில் 31 நிமிடத்துக்கு மேல். அதே வாளியை மலைக்குக் கீழே போடிநாயக்கனூரில் வைத்தால் தண்ணீரே 25 டிகிரி இருக்கும், பத்துப் பதினோரு நிமிடத்தில் முடிந்துவிடும். "தங்கச்சி வீட்டில் சீக்கிரம் கொதிக்குது, நம்ம ராடு டூப்ளிகேட்" என்று மேலே இருப்பவர்கள் சந்தேகப்படுவதில் பாதி இதுதான்.

மீதிப் பாதி வோல்டேஜ். ராடின் வாட் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விடிகாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ராடு போட்டு லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் உங்கள் 1500 வாட் ராடு 920 வாட்தான் தரும். 21 நிமிட வேலை 34 நிமிடம் ஆகும். ராடை மாற்றிப் பயனில்லை, அரைமணி நேரம் முன்னே போட வேண்டியதுதான். நாலு பேர் வீட்டில் ஆளுக்கொரு வாளி என்றால் நாளைக்கு 2 யூனிட்டுக்குமேல், இரண்டு மாதப் பில்லில் 120 யூனிட்டுக்குமேல் இதற்கு மட்டும் ஏறும். யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடும் என்பதால் நல்ல வெயிலடிக்கும் நாளில் மதியம் குளிப்பவர்கள் ராடைத் தொடாமலிருப்பது லாபம்.

கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஐஎஸ்ஐ முத்திரை, அதன்மேல் ஐஎஸ் 368 என்ற எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண். இந்த எண்ணை, முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். பெட்டியில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2003-ல் வந்த மத்திய அரசு உத்தரவின்படி இந்த முத்திரை இல்லாமல் ஹீட்டர் ராடு விற்கவே கூடாது, ஆனாலும் சந்தைகளில் குவித்து விற்கிறார்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் குழாயில் வைத்துப் பாருங்கள், இழுத்துப் பிடித்தால் உள்ளே இரும்பு. மல்டிமீட்டர் இருந்தால் பேஸ், நியூட்ரல் பின்களுக்கு நடுவே 1500 வாட்டுக்கு 35 ஓம், 1000 வாட்டுக்கு 53 ஓம் பக்கம் காட்ட வேண்டும். எர்த் பின்னுக்கும் குழாய்க்கும் நடுவே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அது காட்டவில்லை என்றால் ராடை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வாளியின் அடியில் காயில் (சூடேறும் சுருள்) பதித்து வரும் ஹீட்டர் வாளியை நான் சிபாரிசு செய்வதில்லை, அடி சீல் போனால் தண்ணீர் நேராக வயர் இணைப்புக்குப் போகும். இரண்டு தகடுகளை நேரே தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுக்கும் வீட்டுத் தயாரிப்பு எவர் கையில் இருந்தாலும் பிடுங்கிப் போடுங்கள். அதில் தண்ணீர்தான் ஹீட்டர், தொட்டால் போச்சு.

பயன்படுத்தும் முறையில் வரிசை முக்கியம். முதலில் வாளி, வாளியில் தண்ணீர், தண்ணீரில் ராடு, அப்புறம் பிளக், கடைசியில் சுவிட்ச். முடிக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து ராடைத் தூக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். பழைய வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும், ராடில் பேஸ் அப்படியே இருக்கும். ஒரு நிமிடம் பொறுப்பது காயிலில் மிச்சமிருக்கும் சூடு தண்ணீருக்குள்ளேயே ஆறுவதற்கு. கரண்ட் இருக்கும்போது குழாய் தண்ணீருக்கு வெளியே இருந்தால் ஒரு நிமிடத்திலேயே சிவந்து வெடித்துவிடலாம். அதனால்தான் தண்ணீர் ராடில் குறித்த கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மேல்கோட்டைத் தாண்டினால் தலைக்குள் நீர் ஏறும்.

சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பதுதான் உயிரை எடுக்கிற பழக்கம். ஸ்டீல் வாளியைத் தொடுவதும் அப்படியே. நேரத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் விட்டுப் பார்ப்பது பொய்யும் சொல்லும்: சூடான நீர் மேலே ஏறி நிற்கும், காயிலுக்குக் கீழே உள்ள தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கிடக்கும். ஆகவே காயில் வாளியின் அடியை எட்டும் நீளத்தில் ராடு வாங்குங்கள், அடியிலும் பக்கத்திலும் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு மரக்குச்சியால் ஒரு கலக்குக் கலக்கினால் போதும். கொக்கி பிளாஸ்டிக் வாளி விளிம்பில் வழுக்கினால் குறுக்கே ஒரு கட்டை வைத்து அதில் தொங்கவிடலாம். குழந்தைகள் நடமாடும் வராந்தா வேண்டாம், உள்ளே ஒதுக்குப்புறமாக வையுங்கள். குளியலறைக்குள் வைத்துச் சூடாக்கவே கூடாது, சூடான வாளியைத்தான் அங்கே தூக்கிப் போக வேண்டும்.

மலை ஓடைத் தண்ணீரில் உப்புக் குறைவு, ராடு பல வருடம் பளபளப்பாகவே இருக்கும். அதே ராடு கீழே போர்த் தண்ணீரில் சில வாரத்தில் வெள்ளைக் காறை கட்டிவிடும். காறை கம்பளிபோலச் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், காயில் அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் குழாய் பிளக்கும். கத்தியால் சுரண்டாதீர்கள், முலாம் போய்ச் செம்பு தெரியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து, பிளக் இல்லாமல் காயில் மட்டும் மூழ்கும்படி அரைமணி நேரம் வைத்தால் காறை தானாக உதிரும். முலாம் உரிந்த ராடில் காய்ச்சிய தண்ணீர் குளிக்க மட்டும்தான், சமையலுக்கு வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழை முடிந்து, நாலைந்து மாதம் பரணில் கிடந்த ராடை முதன்முதலாகப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறதா? பொடி ஈரம் குடித்திருக்கிறது. இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். அப்புறமும் விழுந்தால் ராடு முடிந்தது. ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

தூக்கிப் போட முடிவு செய்த ராடின் வயரைத் தலைக்கு ஒட்டி வெட்டிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள். வயரோடு போனால் யாராவது எடுத்து மறுபடி சொருகிவிடுவார்கள்.